ஏணிப்பாறையில் ஓர் இளக்கம்

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது செல்லையாவின் ஜீப்பினுடைய பின் இடது சக்கரம். அது தரையை விட்டு நான்கு விரற்கடை உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு பாறையில் விழுந்தது. விழுந்ததும் மறுபடி எழுந்தது. வலது சக்கரம் அதற்கு மாறி மாறித் தாளம் போட்டது. வண்டி ஏறத்தான் செய்தது, ஆனால் சாண் சாணாக ஏறியது. அது கடந்து வந்த பாறையில் சாண் இடைவெளியில் கருப்பு ரப்பர்த் தழும்புகள் வரிசையாக விழுந்திருந்தன. தீய்ந்த ரப்பர் வாசனை கீழே நின்ற எனக்கு வந்தது.

முந்தின நாள் மாலை என் கையால் பின் ஸ்பிரிங்குகளுக்குப் பக்கத்துக்கொரு இரும்புப் பட்டை கூடுதலாகப் போட்டு, "இனி தொந்தரவு இருக்காதுங்க" என்று சொல்லி அனுப்பிய வண்டி அது.

நான் சென்ற ஆண்டு ஓய்வு பெற்று, சொந்த ஊரான நல்லேப்பிள்ளிக்குத் திரும்பிவிட்டேன். கேரளத்தில் குமுளியை அடுத்த ஆனைக்கரைப் பக்கத்து ஜீப் ஓட்டுநர்கள் இன்னும் என்னை விடவில்லை. சுற்றுலாக்காரர்களை மலைக்கு ஏற்றிப் போகிற தொழில் பெருகியதிலிருந்து, வாரம் ஒருவராவது ஏதோ ஒரு பாறையில் துள்ளுகிற தன் வண்டியைப் படம்பிடித்து என் கைப்பேசிக்கு அனுப்பி, "அண்ணாச்சி, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, நான் தவறு செய்த ஒரு வண்டியைப் பற்றி எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

தொழில் படித்த கதை நீளமானதில்லை. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் ஒரு டிராக்டர் பட்டறையில் நான்கு ஆண்டுகள். நடவுக் காலத்தில் சேற்றிலேயே படுத்து வேலை செய்யப் பழகினேன். பிறகு கோயமுத்தூரில் லாரி ஸ்பிரிங் அடிக்கிற உலையில் ஆறு ஆண்டுகள். பழுத்த பட்டையின் நிறத்தைப் பார்த்து வெப்பம் சொல்ல அங்கே கற்றேன். இடது முழங்கையில் இருக்கிற தழும்பும் அங்கே கிடைத்ததுதான். பின்னர் பல ஊர்கள், பல பட்டறைகள். கடைசிப் பதினெட்டு ஆண்டுகள் ஆனைக்கரையில், சுலைமான் ராவுத்தரின் பட்டறையில்.

ராவுத்தர் பாலக்காட்டுக்காரர். வீட்டில் எல்லோரும் துணி வியாபாரம், இவர் ஒருவர் மட்டும் இரும்புக்கு வந்தவர். என்னைவிட ஆறு வயது இளையவர். அதனால் முதலாளியாக இருந்தும் என்னைக் "கிட்டண்ணா" என்றுதான் கூப்பிடுவார். என் முழுப்பெயர் கிட்டுச்சாமி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். பேச்சில் "ங்க" கூடும். ஒரு வாக்கியத்தில் ஒரு "ங்க" இருந்தால் சாதாரணமாக இருக்கிறார் என்று பொருள். இரண்டு இருந்தால் நாங்கள் சாவியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்போம்.

பட்டறையில் அவருடைய புகார் நோட்டு ஒன்று உண்டு. நீள நோட்டு, பக்கத்துக்கு நான்கு கட்டங்கள்: மணி, இடம், முதலில் கண்டது, வண்டிக்காரர் சொன்னது. இதில் நான்காவது கட்டத்தில்தான் அவருக்குப் பிடிவாதம். வண்டிக்காரர் என்ன சொன்னாரோ அதை அவர் வாயில் வந்த சொல்லிலேயே எழுத வேண்டும். "பிரேக் கோளாறு" என்று நாமாக எழுதக்கூடாது. "மிதிச்சா கால் உள்ள போகுது, வண்டி நிக்க யோசிக்குது" என்று ஒருவர் சொன்னால், யோசிப்பது வரைக்கும் எழுத வேண்டும். கை கழுவாமல் அந்த நோட்டைத் தொடக்கூடாது. எழுதிய பிறகு, வண்டி எந்த இடத்தில் தொந்தரவு கொடுக்கிறதோ அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர்.

"கை வெக்கறதுக்கு முந்தி கண்ணு வைங்க" என்பார்.

"நம்ம கிட்டண்ணன் கண்ணு வெச்சா வண்டி வெளங்கிருமுங்க" என்று வெல்டர் ஒருமுறை சொன்னபோது ராவுத்தரும் சேர்ந்துதான் சிரித்தார்.

செல்லையா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுவார், மூட்டை இறக்குவார். சுற்றுலாக் காலத்தில் மலைக்கு ஆட்களைக் கொண்டுபோவார். வீடு தோட்டத்துக்குள் மேலே இருக்கிறது. அதற்கு ஒரே பாதை. அந்தப் பாதையின் நடுவில்தான் ஏணிப்பாறை. நாற்பது தப்படி நீளம், மேல்மண் எதுவும் ஒட்டாத மொட்டைப் பாறை. நடந்து போகிறவர்களுக்காக ஒரு ஓரத்தில் படி செதுக்கியிருப்பார்கள். ஜீப் அந்தப் படிகளை ஒட்டி ஏற வேண்டும்.

அவருடைய மனைவி பாக்கியம், ஏலக்காய் எடுக்கிற கூட்டத்துக்குக் கங்காணி. மழை நாளொன்றில் சரிவில் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். இடுப்புக்கு மேலே முதுகெலும்பு உடைந்தது. அறுவை செய்து இரண்டு பக்கமும் கம்பி வைத்தார்கள். மருத்துவர் விட்டு அனுப்பும்போது ஒன்றுதான் சொன்னாராம்: நடக்கலாம், உட்காரலாம், மூன்று மாதத்துக்குக் குலுங்கக் கூடாது. மலை ஏறுவது, படி ஏறுவது கூடவே கூடாது.

அதனால் அவரைக் குமுளியில் அவருடைய தங்கை வீட்டில் விட்டிருந்தார்கள். ஒற்றை அறை, ஐந்து பேர். வீட்டில் இருந்த ஒரே கட்டிலில் பாக்கியம் படுத்தார். அந்தக் கட்டிலுக்குச் சொந்தக்காரியான தங்கையின் மாமியார் தரையில் பாய் விரித்தார். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் பாக்கியத்துக்குத் தாங்கவில்லை. ஏழாவது வாரம் அவர் கணவரிடம் கெடு வைத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி குலுங்காமல் ஏறாவிட்டால், தானே நடந்து ஏறிவிடுவதாக.

நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போகலாம் என்று தோட்டத்தில் சொல்லிப்பார்த்திருக்கிறார்கள்.

"என்னைய நாலு பேரு தூக்குததுக்கு இன்னும் நாளு கெடக்கு" என்றாராம்.

இதையெல்லாம் செல்லையா எங்களிடம் முதல் நாள் சொல்லவில்லை. அவர் திங்கட்கிழமை காலையில் வந்தார். அன்று பட்டறையில் ஏழு வண்டிகள் நின்றன. ராவுத்தர் ஒரு உறவினர் கல்யாணத்துக்குப் பாலக்காடு போயிருந்தார். செல்லையா கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னது ஒரு வரிதான்.

"அண்ணாச்சி, ஏத்தத்துல பின்னாடி ஒரே இளக்கமா இருக்கு. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணித் தாங்க."

நான் கை கழுவி, அப்படியே எழுதினேன்: ஏத்தத்துல பின்னாடி ஒரே இளக்கமா இருக்கு. முதலில் கண்டது என்ற கட்டத்தில், "நிற்கும்போது குறை ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதினேன்.

இளக்கம் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே பொருள்தான். வெல்லப்பாகு இளக்கமாக இருக்கிறது என்போம். கெட்டிப்படவில்லை, பதம் போதவில்லை என்று பொருள். ஸ்பிரிங் இளக்கம் என்றால் பட்டைகள் பாரம் தாங்காமல் தளர்ந்துவிட்டன. இதற்கு ஏணிப்பாறை வரை போய் எதைப் பார்க்க வேண்டும்? பட்டை போட்டால் தீர்ந்தது. லாரி உலையில் ஆறு ஆண்டுகள் இதையே செய்தவன் நான்.

ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கிற யூ போல்ட்டுகளைக் கழற்றினேன். ஸ்பிரிங்குக்கும், பின் அச்சை மூடிய இரும்புக் கூடான ஹவுசிங்குக்கும் நடுவில், வண்டியை உயரமாக்குவதற்காக, இரண்டு அங்குல இரும்புக் கட்டை ஒவ்வொரு பக்கமும் இருந்தது. அந்த வட்டாரத்தில் பாதி ஜீப்பில் அது இருக்கும். எடுத்து ஓரமாக வைத்தேன். மெயின் பட்டைக்கு அடுத்துப் புதுப் பட்டை ஒன்றைச் சேர்த்து, சென்டர் போல்ட் முறுக்கி, கட்டைகளைத் திரும்ப அதே இடத்தில் வைத்து மாட்டினேன். பட்டை கூடியதால் கற்றை தடித்துப்போய், முன்பாதியைச் சேர்த்துப் பிடிக்கிற பழைய கிளிப்புகள் எட்டவில்லை. அவற்றை மாட்டாமல் விட்டுவிட்டேன். வேலை சுத்தமாகத்தான் தெரிந்தது. செவ்வாய் மாலை வண்டி போனது.

புதன் காலை ஆறு நாற்பதுக்கு, அந்தச் சக்கரம் காற்றில் நின்றது.

அன்று நான் அங்கே போனதும் செல்லையா கூப்பிட்டதால்தான். செவ்வாய் இரவே போன் செய்து, "அண்ணாச்சி, முன்னைக்கு இப்ப ஜாஸ்தியா இருக்கு. விடிஞ்சதும் வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். குரலில் குறை சொல்கிற தொனி இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது முறை ஏறும்போது நான் பின்னால் உட்கார்ந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு இடிகளை எண்ணினேன். நாற்பது தப்படிக்குள் முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் இருக்கை வழியாக வந்து பின்கழுத்தில் முடிந்தது. மூன்றாவது முறை பாதிப் பாறையில் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பின்னச்சுக்கு விசை கொண்டுபோகிற புரப்பல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் உடைந்துவிட்டது. செல்லையா கைபிரேக்கை இழுத்துப் பிடித்தார், நான் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பிறகுதான் அவர், பின்னால் உட்காரப்போவது யார் என்று சொன்னார்.

வண்டியைக் கீழே இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிட்டு, அன்று பதினொரு மணிக்குக் குமுளிக்குப் பஸ் ஏறினேன். ஏன் போனேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. ஆளைப் பார்க்காமல் மறுபடி வண்டியில் கைவைக்க மனம் வரவில்லை.

பாக்கியம் கட்டிலில், சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பிலிருந்து மார்பு வரை கெட்டியான பெல்ட் கட்டியிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணாச்சிதான் பட்டை போட்டவுகளா?"

"ஆமாங்க."

"டாக்டரு எனக்கு ரெண்டு கம்பி வச்சாரு. நீங்க வண்டிக்கு ரெண்டு பட்டை வச்சீங்க. எனக்காச்சும் வலி கொறஞ்சிருக்கு."

தங்கை உள்ளே சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் தலை குனிந்திருந்தேன். என் தவறுதான் என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தப்புன்னு ஒத்துக்கிட்டாச் சரி. எங்க வீட்டுக்காரரு இன்னும் ஒத்துக்கிடல, நான் விழுந்ததுக்கு மழைதான் காரணம்னு. அன்னைக்கு அந்தச் சரிவுல எங்களைக் கொண்டுபோயி எறக்குனது தாந்தானேன்னு நெனச்சு, ராத்திரி ராத்திரி முழிச்சுட்டுக் கெடக்காரு." பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழமைன்னு சொன்னது சொன்னதுதான். நான் நடந்துருவேன், பாத்துக்கிடுங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவர் கால்களைப் பார்த்தபோது தெரிந்தது. கட்டிலுக்குக் கீழே அவருடைய செருப்பைக் காணோம். அவர் கிளம்பிவிடக்கூடாது என்று தங்கை எடுத்து ஒளித்துவைத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை ராவுத்தர் திரும்பினார். நடந்ததைச் சொன்னேன். கை கழுவினார், நோட்டை எடுத்தார், நான்காவது கட்டத்தை இரண்டு முறை வாசித்தார்.

"ஏனுங்க கிட்டண்ணா, ஏத்தத்துக்குப் போய்ப் பாத்துட்டுத்தானுங்க பட்டை போட்டது?"

இரண்டு "ங்க". இல்லை என்றேன்.

நோட்டில் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். பிறகு குரல் வழக்கமான இடத்துக்கு வந்தது.

"இந்த இளக்கம் தமிழ் இளக்கமா, மலையாள இளக்கமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மலையாளம் அறியாதவன் இல்லை. சித்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவன், ஆபீசிலும் பஸ்ஸிலும் அதைத்தான் பேசுகிறேன். மலையாளத்தில் இளக்கம் என்றால் ஆட்டம். பல்லுக்கு இளக்கம் என்றால் பல் ஆடுகிறது. செல்லையா என்னிடம் தமிழில் பேசிக்கொண்டே அந்த ஒரு சொல்லை மட்டும் பக்கத்து மொழியிலிருந்து எடுத்திருந்தார்; அவருக்கு அது பக்கத்து மொழி என்ற நினைவே இருந்திருக்காது. நானும் தமிழ்க் காதால் கேட்டுவிட்டேன். அவர் சொன்னது பின் அச்சு ஆடுகிறது என்று. நான் கேட்டது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று. எழுதியது சரியாக இருந்தது. வாசித்தவன் தவறு.

செல்லையாவைக் கேட்டோம்.

"ஆமா, இளக்கம்னா இளக்கம்தான். கெடந்து ஆடுது, குதிச்சுக் குதிச்சுச் சாடுது. வேற என்ன?" என்றார்.

புது ஜாயிண்ட் போட்டுக்கொண்டு, அன்று மூன்று பேரும் ஏணிப்பாறைக்குப் போனோம். ராவுத்தர் லுங்கியை மடித்துக் கட்டி வண்டிக்குக் கீழே படுத்தார். ஹவுசிங்கின் பக்கவாட்டில் சாக்கட்டியால் நேர்க்கோடு ஒன்று போட்டார். அதற்கு நேராகச் சேசிஸ் சட்டத்தில் ஒரு கோடு. தன் கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பழைய டியூப் ரப்பரால் குறுக்குச் சட்டத்தில் கட்டி, கேமரா பின்னச்சைப் பார்க்கிற மாதிரி வைத்தார். செல்லையா ஏற்றினார். இடிகள் தொடங்கியதும் ராவுத்தர் நிறுத்தச் சொன்னார்.

படியில் உட்கார்ந்து அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். முப்பது ஆண்டுகளாக ஊகித்துக்கொண்டிருந்ததை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். சக்கரம் பாறையைப் பற்றி முன்னோக்கி உந்தும்போது, ஹவுசிங் எதிர்த்திசையில் சுழலப் பார்க்கிறது. ஷாஃப்ட் வந்து சேர்கிற அதன் மூக்கு மேலே எழும்புகிறது. அதோடு ஸ்பிரிங்கின் முன்பாதி மேலே வளைகிறது, பின்பாதி கீழே வளைகிறது. நேராக இருக்க வேண்டிய பட்டை பாம்பு போல் நெளிகிறது. ஒரு கட்டத்தில் டயரின் பிடி விட்டுப்போகிறது. நெளிந்த பட்டை விடுபட்டுத் தெறிக்கிறது. மூக்கு கீழே வருகிறது. சக்கரம் எழும்பி விழுகிறது. விழுந்ததும் மறுபடி பிடிக்கிறது, மறுபடி நெளிகிறது. கோழி தண்ணீர் குடிப்பது போல அந்த மூக்கு எழுந்து எழுந்து இறங்கியது. இரண்டு சாக்கட்டிக் கோடுகளும் ஒவ்வொரு முறையும் இரண்டு விரல் விலகின.

பட்டைகள் தளரவே இல்லை. நான் போட்ட கூடுதல் பட்டை கற்றையை விறைப்பாக்கியது. பாறையின் மேடுபள்ளத்துக்கு டயர் படிந்து உட்காரவில்லை. நான் மாட்டாமல் விட்ட கிளிப்புகளால், நெளியும்போது முன்பாதிப் பட்டைகள் ஒன்றையொன்று விட்டு வாய் பிளந்தன. அது படத்தில் நன்றாகத் தெரிந்தது. ராவுத்தர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார், என்னைப் பார்க்கவில்லை, மறுபடி ஓடவிட்டார்.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே என்று சிலர் கேட்பார்கள். செங்குத்தான ஏற்றத்தில் பாரம் முழுக்கப் பின்னால் சாய்கிறது. அங்கே பின்சக்கரம்தான் பெரும்பங்கு இழுக்கிறது.

"இந்தக் கட்டை எப்பப் போட்டீங்க?" என்று ராவுத்தர் கேட்டார்.

செல்லையா பாறையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "போன சீசன்ல. டூரிஸ்ட்டுக்காரங்க உசரமா நிக்குத வண்டியத்தான் கூப்பிடுதாங்க. நானே போட்டேன்."

"அதுக்கு முந்தி இந்தப் பாறையில சாடுச்சா?"

"கொஞ்சம் சாடும். இப்படி இல்ல."

கட்டை வைத்தால் பட்டை ஹவுசிங்கை விட்டு இரண்டு அங்குலம் தள்ளிப்போகிறது. கடப்பாறை நீளமானால் கல் சுலபமாகப் பெயர்வது போல, ஹவுசிங்குக்குப் பட்டையை முறுக்குவது சுலபமாகிறது. ராவுத்தர் இதைச் சொல்லி முடிக்கும்வரை செல்லையா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவளுக்கு ஏற முடியாமப் போனது நான் வச்ச கட்டையாலயா?"

"நான் வெச்ச பட்டையாலயும்தானுங்க" என்றேன்.

ராவுத்தர் எழுந்து லுங்கியைத் தட்டினார். "ரெண்டு பேரும் பங்கு பிரிச்சது போதும். வண்டியக் கீழ எறக்குங்க."

வெள்ளி, சனி இரண்டு நாளும் வேறு வண்டி தொடவில்லை. வெள்ளியன்று ராவுத்தர் தொழுகைக்குப் போய்வந்த நேரம் தவிர எங்களோடுதான் இருந்தார். செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், கேட்கிறவர்களுக்கு உதவும்.

கூடுதல் பட்டையை எடுத்தேன். இரும்புக் கட்டைகளைச் செல்லையா தானே எடுத்தார். ராவுத்தர் அவற்றை வாங்கி, பட்டறை டீ அடுப்புக்கு முட்டுக் கொடுத்தார். பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, துரு சுரண்டி, கிரீஸ் தடவி அடுக்கினோம். முன்பாதிக்குப் புதுக் கிளிப்புகள் இரண்டு அடித்து, சந்து இல்லாமல் பிடித்தேன். இந்த முன்பாதி சேர்ந்து நிற்பது முக்கியம். பின்பாதி கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். ஸ்பிரிங் நுனியைச் சட்டத்தில் ஆடவிட்டுத் தாங்குகிற ஷாக்கிளின் புஷ்கள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன, மாற்றினோம். ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்திருந்தன. கையால் அழுத்தினால் தடுப்பே இல்லாமல் உள்ளே போயின. அவற்றையும் மாற்றினோம். யூ போல்ட்டுகளைக் குறுக்கு வாட்டில் மாற்றி மாற்றி முறுக்கி, வண்டியை ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்கினோம். இந்த இரண்டாம் முறுக்கைத்தான் பலர் செய்வதில்லை.

பிறகு தாங்குகோல். கெட்டியான குழாய் ஒன்றின் ஒரு நுனியை ஹவுசிங்கில் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பிடித்து, மறுநுனியை முன்னால் கொண்டுபோய்ச் சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் சேர்ப்பது. மூக்கு எழும்பப் பார்த்தால் கோல் சட்டத்தில் முட்டித் தடுக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்நுனியைச் சட்டத்தில் நேராக வெல்ட் செய்யக்கூடாது. சிறிய ஷாக்கிள் ஒன்றில் தொங்கவிட வேண்டும். ஸ்பிரிங் அமுங்கும்போதும் விரியும்போதும் பின்னச்சு முன்னும் பின்னும் கொஞ்சம் நகரும். அந்த நகர்வுக்கு இடம் இல்லாவிட்டால் கோல் எதையாவது உடைத்துக்கொண்டுதான் ஓயும். பின்னொரு நாள் இரண்டு நுனியையும் இறுக்கி வெல்ட் செய்த ஒரு வண்டி என்னிடம் வந்தது. குறுக்குச் சட்டமே தகரம் போலக் கிழிந்திருந்தது. அந்த இளைஞர்களிடம், பூட்டவும் வேண்டும், ஆடவும் விட வேண்டும் என்றேன். "கல்யாணம் மாதிரியா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள்.

சனிக்கிழமை மாலை நான்கு பத்துக்கு ஏணிப்பாறையில் ஏற்றினோம். நான் பின்னால் உட்கார்ந்தேன். பதினொன்று. முப்பத்தொன்றுக்கு இது எவ்வளவோ மேல், ஆனால் போதாது.

ராவுத்தர் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுந்தவில்லை. மூட்டை ஏற்றுகிறவர்கள் டயரைக் கல்லாக அடித்து வைப்பார்கள். காற்றைப் பார்த்தால் நாற்பதுக்கு மேல். இருபத்தைந்துக்கு இறக்கி மறுபடி ஏற்றினோம். ஐந்து.

"இனி உங்க கால்" என்று ராவுத்தர் செல்லையாவிடம் சொன்னார். செல்லையா இருபத்தாறு ஆண்டுகளாக அந்தப் பாறையில் ஏறுகிறவர். அவர் முகம் மாறியது.

"எங்காலுக்கு என்ன?"

"லோ கியர்ல ஒண்ணாம் நம்பர் போட்டு, பாறை வந்ததும் பயந்து மிதிக்கறீங்க. சக்கரத்துக்கு முரட்டு வேகம் போகுது. ரெண்டாம் நம்பர் போடுங்க. கீழயே ஒரே மிதி வெச்சு, மேல போற வரைக்கும் காலை மாத்தாதீங்க. துள்ள ஆரம்பிச்சா இன்னும் மிதிக்காதீங்க, விடுங்க."

"இருவத்தாறு வருஷமா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார்.

ஆறு முறை ஏற்றினார், ஆறு முறை பின்னோக்கி இறக்கினார். ஐந்து. நான்கு. நான்கு. இரண்டு. மூன்று. கடைசியில் இரண்டு. அந்த இரண்டும் பாறையிலேயே இருக்கிற பள்ளங்கள். வண்டியால் வந்தவை அல்ல. செல்லையா இறங்கி வந்து, படியில் உட்கார்ந்து வலது காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குமுளியில் தங்கை வீட்டு வாசலில் வண்டி நின்றது. பின் இருக்கையில் மெத்தையை இரண்டாக மடித்துப் போட்டு, தலைமாட்டுக்கு ஏலக்காய்ச் சாக்கில் பஞ்சு திணித்துக் கட்டியிருந்தார் செல்லையா. பாக்கியம் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாமியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "கட்டிலு இனி ஒங்களுக்குத்தான் அத்தை" என்றார். அந்தம்மாள் அழுதுவிட்டார்.

வண்டியைப் பார்த்ததும் பாக்கியம், "என்ன, குட்டையாப் போச்சு?" என்றார்.

"ஏறதுக்கு ஒனக்கு லேசா இருக்கட்டும்னுதான்" என்றார் செல்லையா.

"பொய்."

"சரி, பொய்."

எதிர் இருக்கையில் நான் உட்கார்ந்தேன். ராவுத்தர் முன்னால். ஆனைக்கரை வரை தார்ச்சாலை. மண்பாதையில் திரும்பும் முன் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்று இறக்கினோம். தோட்டத்துப் பெண்கள் எட்டுப் பத்துப் பேர் பாறைக்குக் கீழே படி ஓரமாக வந்து நின்றிருந்தார்கள், அவசியமானால் தூக்கிக்கொள்வதற்காக. ஒருத்தி கையில் நாற்காலி இருந்தது.

"கங்காணி வந்துட்டா, இனி ஒருத்தியும் உக்கார முடியாது" என்று யாரோ சொன்னார்கள். பாக்கியம் பதில் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். கொடுக்கவில்லை. முந்தின இரவு முழுக்கத் தூங்காமல் துணிப்பையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார் என்று தங்கை என்னிடம் சொல்லியிருந்தார்.

செல்லையா செருப்பைக் கழற்றினார். லோ, இரண்டாம் நம்பர். எஞ்சின் சத்தம் ஒரே சீராக ஏறி அங்கேயே நின்றது. முன்சக்கரம் பாறையைத் தொட்டது, பின்சக்கரம் தொட்டது. நான் பழக்கத்தில் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினேன். படியில் பெண்கள் வண்டியோடு சேர்ந்து, எங்கள் வேகத்திலேயே, ஏறி வந்தார்கள். பாதிப் பாறையில் முதல் பள்ளம் வந்தது. ஒன்று.

பாக்கியத்துக்கு வலித்ததா என்று கேட்க நிமிர்ந்தேன். பஞ்சுச் சாக்கில் தலை சாய்ந்திருக்க, வாய் இலேசாகத் திறந்து, அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.